வடிவு தந்த அத்தியாயம்

கல்லூரி முழுவதும் ஆண்டுக்கு ஒரு புத்தகம் படிக்க வேண்டும். மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகம், கேன்டீன், வாட்ச்மேன், எல்லாருக்கும் ஒரே புத்தகம். திட்டத்தின் பெயர் பொது வாசிப்பு. பொறுப்பு தமிழ்த்துறை ஜெசிந்தாவுடையது.

முதல் ஆண்டுப் புத்தகம் கேன்டீன் மேசையின் கால் ஒன்றுக்கு அடியில் இருந்தது. மேசை ஆடுவது நின்றது. இரண்டாம் ஆண்டுப் புத்தகத்தால் அந்த அளவுகூடப் பயன் இல்லை.

மூன்றாம் ஆண்டு புத்தகத்தோடு பட்டை வந்தது.

காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டை. விரல் நீளம் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்தால், எழுதியவரின் உடம்பு வாசிப்பவரின் உடம்புக்குள் வரும். முழுதாக வராது, பாதிதான். பக்கத்தை மூடினால் போய்விடும்.

புத்தகத்தின் பெயர் ‘ஒன்பது உடல்கள்’. ஒன்பது நாடுகளிலிருந்து ஒன்பது பேர். சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்த ஒருவர். மலேரியாக் காய்ச்சலோடு பிள்ளை பெற்ற ஒருத்தி. கடல்களுக்கு அப்பால் ஒரு வெயில் நாட்டில் கரும்பு வெட்டி வெட்டிச் சிறுநீரகம் சுருங்கிய ஒருவர். உலகத்தின் ஆரோக்கியத்தைப் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றது முன்னுரை.

இந்த முறை கல்லூரி படித்தது. தூத்துக்குடியின் புரட்டாசி வெயிலில் பி.காம். இரண்டாம் ஆண்டு மொத்தமும் பல் கிட்டி நடுங்கியது. கேன்டீன் மாஸ்டர் சுரங்கத்து அத்தியாயத்தை முடித்துவிட்டு அடுப்படியில் ஜன்னல் ஒன்று கேட்டு மனுப் போட்டார். மலேரியா வகுப்புகளுக்குச் சுக்குக் காப்பி இலவசம் என்று கரும்பலகையில் எழுதி வைத்தார். நடுங்காதவர்களும் போய்க் குடித்தார்கள்.

பத்தாவது அத்தியாயம் காலியாக இருந்தது. அதை அந்தந்தக் கல்லூரி தன் ஊர்க்காரர் ஒருவரைக் கொண்டு நிரப்ப வேண்டும். நன்றாக இருந்தால் உலகத்தின் மற்றக் கல்லூரிகளுக்கும் அது போகும்.

வடிவை ஜெசிந்தா கண்டுபிடித்தது உப்பளத்தில், கல்லூரி நடத்திய மருத்துவ முகாமில். முழுப்பெயர் சுடலைவடிவு. வயது முப்பத்தைந்துக்குப் பக்கம். அளத்தில் உப்பு வாருகிறவள். அவள் இருக்கும் பக்கத்திலிருந்துதான் சிரிப்புச் சத்தம் வரும்.

டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார். “நீர்க்கடுப்பு மூணாவது தடவை வந்திருக்கு. தினமும் நிறையத் தண்ணி குடிக்கணும். வேலை நேரத்துல குடிக்கணும். முடியலைன்னா அளத்து வேலையை விட்ருங்க. இல்லைன்னா கிட்னி போயிரும்.”

“சரிங்க டாக்டர்” என்றாள் வடிவு. வெளியே வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஏன் சிரிக்கீங்க?” ஜெசிந்தா கேட்டாள்.

“தண்ணி குடிக்கச் சொல்லுதாரு மிஸ். குடிச்சா எங்க போவ?”

கையை நீட்டிக் காட்டினாள். ஜெசிந்தா பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய வரை பாத்தி. வெள்ளை. இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி இல்லை. ஒரு சுவர் இல்லை. தொலைவில் ஒரு நாய் நடந்து போனது. அது எந்த நிறம் என்றுகூடச் சொல்ல முடிந்தது.

“கேட்டுப் பாத்தீங்களா?”

“கணக்கப்பிள்ளைகிட்டக் கேட்டோம். இம்புட்டுப் பெரிய வெளியில ஒங்களுக்கு எடமா இல்லன்னாரு.”

“முதலாளிகிட்ட?”

“அண்ணாச்சிகிட்டயா? வெள்ளைக் கார்ல வருவாக. கண்ணாடி கறுப்பு. இறங்கமாட்டாக. இதைப் போய் அவுககிட்ட எந்த வாயால மிஸ் கேக்க?”

“வேற வேலைக்குப் போகலாமே.”

“எனக்கு அளந்தான் பிடிக்கும்” என்றாள் வடிவு. “விடியக்காலையில இங்க வந்து நின்னு பாருங்க. வானம் மேலயும் இருக்கும், கீழயும் இருக்கும். அதை விட்டுட்டு தீப்பெட்டி ஒட்டவா போவ?”

ஜெசிந்தா புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். வடிவு பட்டையை மாட்டிக்கொண்டாள். கரும்பு வெட்டுகிறவரின் அத்தியாயத்தை ஜெசிந்தா அவளுக்கு வாசித்துக் காட்டினாள். முடிந்ததும் வடிவு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அவனுக்கும் எனக்கும் ஒரே இடுப்பு” என்றாள். பிறகு, “ஆனா அவனுக்குக் கரும்பு இருக்கு” என்றாள்.

“என்ன?”

“மறைவு மிஸ். ரெண்டு அடி உள்ள போனா ஆள் தெரியாது. கொடுத்து வச்சவன்.”

பத்தாவது அத்தியாயம் யாருடையது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

பதிவு செய்தது ரெக்ஸ். மூன்றாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ். கடைசி பெஞ்சில் உட்காரும் ரெக்ஸுக்கு இயந்திரத்தைக் கண்டால் மட்டும் கண் விரியும். வடிவு பதிவுப் பட்டையோடு ஒரு நாள் காலை வேலை பார்த்தாள். வேலை முடியும் நேரத்தில் பேசினாள். ஜெசிந்தா அப்படியே எழுதிக்கொண்டாள், ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

கல்லூரிக்கு வந்து போட்டுப் பார்த்தார்கள். ஜெசிந்தாவுக்கு உள்ளங்கால் எரிந்தது. கண் கூசியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. நல்லது, வந்துவிட்டது என்று நினைத்தாள்.

அடுத்து வடிவு மாட்டிப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

“கால் எரியுது. சரி. கண்ணு கூசுது. சரி. இடுப்புக்குக் கீழ ஆளையே காணோமே?”

ரெக்ஸ் தலையைச் சொறிந்தான். “வடிப்பான் இருக்கு மிஸ். இயந்திரத்துலயே வச்சு அனுப்பியிருக்காங்க. பசி, தாகம், காய்ச்சல், மூச்சு எல்லாம் விடும். இடுப்புக்குக் கீழ எதையும் விடாது.”

“ஏன்?”

“மரியாதைக்கு.”

“அப்போ அந்தப் பிள்ளை பெத்தவ?” வடிவு கேட்டாள்.

“அவங்க அத்தியாயத்துல காய்ச்சல் மட்டுந்தான் வந்துச்சு அக்கா. பிள்ளை வரல.”

வடிவு சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

“வடிப்பானை எடுக்க முடியுமா?” ஜெசிந்தா கேட்டாள்.

“முடியும். எழுதுனவங்க சம்மதிக்கணும். வாசிக்கிறவங்களும் சம்மதிக்கணும். அவ்வளவுதான்.”

வடிவின் சிரிப்பு நின்றது. “என் அடிவயிறு காலேஜ் பூரா போகும்ங்கிய.”

“வேண்டாம்னா வேண்டாம்” என்றாள் ஜெசிந்தா. “இப்ப இருக்கிறதே நல்லாத்தான் இருக்கு.”

“நல்லாத்தான் இருக்கு. நான்தான் அதுல இல்ல.”

யோசித்துச் சொல்வதாகப் போனாள். இரண்டு நாள் கழித்து வந்தாள்.

“அளத்துல எல்லாரையும் கேட்டேன். என் வயிறுன்னாலும் அவளுகளுக்கும் அதானே. போடச் சொல்லிட்டாளுக. பாக்கியம் மட்டும் வேண்டாம்னா. அவ மச்சினன் இங்க படிக்கானாம்.”

“அப்புறம்?”

“அவனுக்குத்தான் மொதல்ல போடணும்னு சொன்னேன். அவளும் சரின்னுட்டா.”

முதலில் ஒரு வகுப்பில் சோதித்தார்கள். சம்மதித்தவர்கள் மட்டும் பட்டை மாட்டினார்கள். பாக்கியத்தின் மச்சினன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் பக்கத்தில் எழுந்தான். மூன்றாம் பக்கத்தில் பையன்கள் பாதிப் பேர் வராண்டாவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தை மூடினால் போதும் என்பது ஒருவனுக்கும் நினைவுக்கு வரவில்லை. திறந்த புத்தகத்தைக் கையில் பிடித்தபடியே ஓடினார்கள்.

பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பக்கம் வரை வாசித்து, மூடி வைத்தார்கள்.

“உங்களுக்கு வரலையா?” ஜெசிந்தா பதறினாள். “ரெக்ஸ், இந்தப் பக்கம் பட்டை வேலை செய்யல போல.”

“வந்துச்சு மிஸ்” என்றாள் ரிஸ்வானா. காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். “இது தினமும் உள்ளதுதானே. நம்ம காலேஜ் பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி வெளிய நின்னு கதவைப் பிடிக்கணும். அதுக்கு வீட்டுக்கே போயிரலாம்னு இருந்துருவோம்.”

“தண்ணி?”

“யார் மிஸ் குடிக்கா?”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஜெசிந்தா மேசை மேலிருந்த தன் பாட்டிலைப் பார்த்தாள். காலையில் நிரப்பியது. அப்படியே இருந்தது.

மறுநாள் காலை பாத்ரூம் கதவுகளில் புதுத் தாழ்ப்பாள்கள் மின்னின. ஓடிய பையன்கள் சேர்ந்து வாங்கி மாட்டியிருந்தார்கள். ஒரு கதவில் உள்ளே மாட்ட வேண்டியதை வெளியே மாட்டியிருந்தார்கள். பெண்கள் அதைப் பார்த்து ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு ரெக்ஸ் வந்து மாற்றினான்.

வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள். முதல்வர் ஜெசிந்தாவை அழைத்தார்.

“சீஃப் கெஸ்ட் வேதமாணிக்கம் அண்ணாச்சி. நம்ம கமிட்டி மெம்பர். சொல்லியாச்சு.”

ஜெசிந்தா கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

“சார், அது அவர் அளம் சார்.”

“புத்தகத்துல அளத்துப் பேர் போட்டிருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன மேடம்? எல்லா அளத்துலயும் உப்பு வெள்ளைதானே.”

ஜெசிந்தா அன்று மாலையே வடிவிடம் போனாள். அவருக்குக் கோபம் வந்தால் வேலை போய்விடும் என்றாள். அத்தியாயத்தில் பெயரை மாற்றிவிடலாம், மேடைக்கு வர வேண்டாம் என்றாள்.

வடிவு உப்பு வாரும் பலகையைச் சாய்த்து வைத்தாள். “தண்ணி குடிக்கலைன்னா எப்படியும் வேலையை விடணும்னு டாக்டர் சொல்லிட்டாருல்லா. போற வேலைக்கு என்ன பயம்? நல்ல சேலையா கட்டிட்டு வாரேன்.”

விழா அன்று அண்ணாச்சி காலையிலேயே வந்தார். அறுபது தாண்டியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வாசலில் இளநீர் கொடுத்தார்கள். முதல்வர் அறையில் இன்னொரு இளநீர். வணிகவியல் துறை தன் பங்குக்கு ஃபில்டர் காப்பி. மேடை ஏறும் முன் பழைய மாணவர் சங்கம் பன்னீர் சோடா. எதையும் மறுத்தால் அந்தத் துறை கோபித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். கமிட்டி மெம்பர் அல்லவா.

பிறகு பொன்னாடை. முதல்வர் ஒன்று போர்த்தினார். துணை முதல்வர் ஒன்று. துறைக்கு ஒன்று. ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு புகைப்படம். கண் மூடிவிட்டதென்று புகைப்படக்காரர் இரண்டை மறுபடி போர்த்தச் சொன்னார். பொன்னாடைகளுக்கு நடுவே அண்ணாச்சியின் தலை மட்டும் தெரிந்தது.

வடிவுக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது. பச்சை நிறம், ஜரிகைக் கரை. அதைத் தடவித் தடவிப் பார்த்தபடி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை.

பேச்சுகள் நீண்டன. வரலாற்றுத் துறைத் தலைவர் உப்பின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கினார். அண்ணாச்சி ஒரு முறை நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒருவழியாக வாசிப்பு. ஜெசிந்தா ஒலிபெருக்கி முன் வந்து எல்லாவற்றையும் விளக்கினாள். என்ன வரும் என்று ஒளிக்காமல் சொன்னாள். வேண்டாதவர்கள் கழற்றி வைக்கலாம் என்றாள். அவள் துறைத்தலைவர் மட்டும் கழற்றிப் பைக்குள் வைத்தார். அண்ணாச்சி கையை அசைத்தார்.

“போடுங்கம்மா. அளத்துல பிறந்து வளர்ந்தவன். உப்புக்காத்துக்குப் பயந்தா எப்படி?”

ரெக்ஸ் பொன்னாடைகளை விலக்கி, காதைத் தேடி, அவசரமாகப் பட்டையை ஒட்டிவிட்டு இறங்கினான்.

எல்லாரும் பக்கத்தைத் திறந்தார்கள். அரங்கம் அமைதியானது. முதலில் கால் எரிந்தது. கண்கள் கூசின, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நாக்கு வறண்டது. பிறகு மெல்ல மெல்ல அது வந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. வடிவு மேடையிலிருந்து பார்த்தாள். அரங்கம் முழுவதும் அவள் உட்காரும் விதத்தில் உட்கார்ந்திருந்தது. முழங்கால்களைச் சேர்த்து, முதுகை லேசாக வளைத்து, மூச்சை மேலோடு விட்டு. முதல்வரும் அப்படித்தான். வாட்ச்மேன் கதவோரம் அப்படி நின்றார். வடிவு பொன்னாடையின் நுனியால் வாயை மூடிக்கொண்டாள்.

பட்டை மாட்டியவர்களில் அண்ணாச்சி ஒருவர் மட்டும் கண்ணை மூடவில்லை. புத்தகத்தைக் கை எட்டும் தூரத்தில் பிடித்திருந்தார். உதடு அசைந்தது. நெற்றியில் வியர்வை.

பக்கங்கள் மூடின. அரங்கம் மொத்தமாக மூச்சு விட்டது. விசில், கைதட்டல். பையன்கள் எழுந்து நின்று வடிவைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

சிறப்பு விருந்தினரைப் பேச அழைத்தார்கள். அண்ணாச்சி மெதுவாக, மிக மெதுவாக எழுந்தார்.

“புத்தகத்தை மூடுனா நின்னுரும்னு சொன்னிய.”

“ஆமா சார்” என்றாள் ஜெசிந்தா.

“எனக்கு நிக்கல.”

அரங்கம் வெடித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். சிரிப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது போல, சட்டென்று நிறுத்தினார். பொன்னாடைகளை ஒவ்வொன்றாக உருவி முதல்வர் கையில் கொடுத்தார். கடைசிப் பொன்னாடை முதல்வரின் கைக்குப் போய்ச்சேரும் முன் மேடையிலிருந்து இறங்கிவிட்டார்.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ஒலிபெருக்கியிடம் போகவில்லை. வடிவுக்கு முன்னால் போய் நின்றார்.

“நம்ம அளந்தானா?”

வடிவு எழுந்தாள். “ஆமா அண்ணாச்சி.”

“விடியக்காலையில இருந்து இப்படியா?”

“வேலை முடியுற வரைக்கும்.”

“தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை லீவு அண்ணாச்சி.”

அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஒலிபெருக்கிக்கு வந்தார். எழுதிக்கொண்டு வந்த உரையைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தார். “நாளைக்கு ஆள் வரும்” என்றார். அதுதான் அவருடைய சிறப்புரை. அந்த மேடையில் அதைவிடச் சிறியதையோ அதைவிட நல்லதையோ யாரும் கேட்டதில்லை.

மாலையில் ரெக்ஸ் பட்டைகளைச் சேகரித்துப் பெட்டியில் அடுக்கினான். ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மிஸ், ஒரு நிமிஷம்.”

“என்ன?”

“இது அண்ணாச்சி போட்டது. இது ஆன் ஆகவே இல்ல.”

“பாதியில நின்னுருக்கும்.”

“இல்ல மிஸ். தொடக்கத்துலேர்ந்தே. நான் அவசரத்துல பொத்தானை அழுத்தல. அவருக்கு எதுவுமே போகல.”

ஜெசிந்தா உட்கார்ந்தாள். இரண்டு இளநீர். ஒரு காப்பி. ஒரு பன்னீர் சோடா. வரலாற்றுத் துறைத் தலைவர்.

“மிஸ், சிரிக்காதீங்க.”

“நான் சிரிக்கல” என்றாள். கண்ணில் நீர் வந்திருந்தது. பிறகுதான் அது உறைத்தது. “ரெக்ஸ், அவர் வடிவோட வேதனைன்னு நினைச்சுத்தானே ஆள் அனுப்புறேன்னாரு? அது அவரோட சொந்தம்னு தெரிஞ்சா?”

“தெரியவா போகுது?”

தெரியாமல் விட்டுவிடலாம். ஆனால் ஜெசிந்தா மூன்று ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம், எழுதியவர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொல்லாதீர்கள் என்று சொல்லி வருகிறவள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கழிப்பறை கட்ட ஆள் வந்தது. அளத்து மண்ணில் அஸ்திவாரம் நிற்காது, இரும்பை உப்புக்காற்று தின்றுவிடும் என்றார் கொத்தனார். அப்படியானால் எது நிற்குமோ அதை வை என்று அண்ணாச்சி போனில் சொன்னார். வரப்பை அகலப்படுத்தி, பனந்தூண் நட்டு, பலகை பரப்பி, மேலே நீல ஃபைபர் தகடு வைத்துக் கட்டினார்கள். தூணில் ஏற்றிக் கட்டியதால் மொத்த அளத்திலும் அதுதான் உயரமான கட்டடமாக இருந்தது. பெண்கள் அதற்குக் கலெக்டர் ஆபீஸ் என்று பெயர் வைத்தார்கள். கணக்கப்பிள்ளை பூட்டுச் சாவி தன்னிடம் இருக்கட்டும் என்றார். பூட்டே வேண்டாம், உள்ளே தாழ்ப்பாள் போதும் என்று அண்ணாச்சியின் ஆள் சொல்லிவிட்டார்.

தூண்கள் எழுந்துகொண்டிருந்தபோது ஜெசிந்தா வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வடிவு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.

“அப்போ அது அண்ணாச்சியோட சொந்தச் சரக்கா?”

“நான் அவர்கிட்டச் சொல்லிரணும் வடிவு.”

“சொல்லணுந்தான். பொய் எதுக்கு.” வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு நீலத் தகடுகளைப் பார்த்தாள். “ஆனா மிஸ், மொதல்ல கதவை மாட்டட்டும். அப்புறம் சொல்லுங்க.”

கதவு மாட்டினார்கள். திறப்பு விழா என்று ஒன்றும் ஏற்பாடு இல்லை. ஆனாலும் பெண்கள் சந்தனம் பூசி, வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். உப்பிலேயே போட்ட கோலம். உள்ளே காற்றுக்காக விட்ட திறப்பில் பச்சைப் பொன்னாடை திரையாகத் தொங்கியது. ஜரிகை வெயிலில் மின்னியது.

வெள்ளைக் கார் வந்தது. அண்ணாச்சி இறங்கினார். செருப்பில்லாமல் வரப்பில் நடந்து வந்தார்.

ஜெசிந்தா போய் நின்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை மறந்துவிட்டாள்.

“சார், ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உங்க பட்டை ஆன் ஆகல. எங்க தப்பு. உங்களுக்கு வந்தது வடிவோடது இல்ல சார்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“எனக்குச் சுகர் இருக்கும்மா. ரொம்ப வருஷமா. இதை எனக்கே அடையாளம் தெரியாதா?”

“அப்புறம் எப்படி சார்...”

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். “எல்லாருக்கும் என்னமோ ஆச்சு. கண்ணை மூடிக்கிட்டு நெளியுதாக. எனக்கு ஒண்ணும் ஆகல. என்ன செய்ய? புத்தகம் கையில இருந்துச்சு. வாசிச்சேன்.”

திரும்பிப் பாத்திகளைப் பார்த்தார்.

“அதுல ஒரு இடம் வரும்லா. எந்திரிச்சுப் போனா எல்லாரும் பாப்பாக. பாக்காதவனுக்குக்கூட எதுக்குப் போறான்னு தெரிஞ்சிரும். அந்தக் கூச்சந்தான் மொதல்ல, வலி ரெண்டாவதுன்னு. நான் மேடையில உக்காந்திருக்கேன். பத்தடியில கதவு. போகவேண்டியதுதானே? போகமுடியல. எல்லாரும் பாப்பாக. அந்த வரியில விரலை வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

விழா அரங்கத்தில் அந்த அத்தியாயத்தை எழுத்தெழுத்தாக வாசித்தவர் ஒருவர்தான் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அவளே அன்று கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“இந்த அத்தியாயம் வெளிநாட்டுக்குப் போகுதாமே?” அண்ணாச்சி கேட்டார்.

“போகுது சார். வடிப்பான் இல்லாம.”

“கரும்பு வெட்டுதவன் வாசிப்பானா?”

“அவங்க ஊர்க் கல்லூரிக்கும் போகுது.”

“நல்லது” என்றார். “ரெண்டு பேரும் பேசிக்கிடட்டும்.”

அதற்குள் வடிவு பாட்டிலை எடுத்திருந்தாள். ஈரச் சாக்கு சுற்றிய பெரிய பாட்டில். நடு வெயில். எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளத்தில் நின்று அவள் தண்ணீர் குடித்து யாரும் கண்டதில்லை. ஜெசிந்தாவோடு வந்திருந்த ரெக்ஸ் அவசரமாக ஓடி அவள் காதில் பதிவுப் பட்டையை ஒட்டினான். வடிவு தலையைச் சாய்த்து, பாட்டிலை உயர்த்தினாள். குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். கழுத்தில் வழிந்தது. பாக்கியம், “ஏட்டி, எங்களுக்கும் வையி” என்று கத்தினாள்.

“இதை எங்க சேர்க்க மிஸ்?” ரெக்ஸ் கேட்டான்.

“கடைசிப் பக்கத்துல.”

“எழுத்து?”

ஜெசிந்தா வடிவைப் பார்த்தாள். வடிவு வாயைத் துடைத்துக்கொண்டாள். “தண்ணி குடிச்சேன்னு போடுங்க. வேற என்ன?”

அண்ணாச்சி கையை நீட்டினார். “எனக்கும் ஒண்ணு குடு தம்பி. அன்னைக்கு விட்டுப்போச்சு.”

ரெக்ஸ் இன்னொரு பட்டையை எடுத்து வடிவின் பதிவை ஏற்றினான். பொத்தானை அழுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது. ஜெசிந்தாவிடம் காட்டினான். அவளும் பார்த்தாள். பிறகு அண்ணாச்சியின் காதில் ஒட்டி, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தான்.

அண்ணாச்சி வரப்பில் நின்றார். கண் தானாக மூடியது.

“என்ன சார் வருது?”

தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

“ஜில்லுன்னு இருக்கு” என்றார்.